வாடகை பாக்கி

வடபழனியில், மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்துக்கு எதிரே
மூன்றாம் மாடியில் என் மேசை.
குழந்தைப்பேறு மையம். என் வேலை ஃபோன் செய்வது.
"உங்க கருக்களோட வருஷ வாடகை
இந்த மாசத்தோட முடியுதுங்க.
தொடரணுமா, வேண்டாமா?"

வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று
பாதிப் பேர் கேட்பதில்லை.

அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் கதிர்வேலன்
"மூணு பேரும் நல்லா இருக்காங்களா?" என்றார்.
பின்னால் அவர் மனைவியின் குரல்:
"அதுக்கு இந்தவாட்டி எவ்ளோவாம்?"
ஒரே வீட்டுக்குள்
அவர்களும், அதுவும்.

ராயபுரம் செலஸ்டின் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.
முதல் நாளே ஆன்மா வந்துவிடும் என்கிறார்களாம் கோயிலில்.
"அழிச்சா பாவம், வச்சிருந்தா பணம்.
போட் எஞ்சின் கெட்டு ரெண்டு மாசமாச்சு கண்ணு.
தவணையா வாங்கிக்கச் சொல்லேன்."

ஐஸ் ஹவுஸ் சபிஹா டீச்சர் நாள் எண்ணிச் சொன்னார்:
நூற்றிருபது.
அதற்கப்புறம்தான் ரூஹ் ஊதப்படும் என்று
அவருடைய அத்தா சொல்லிக் கொடுத்தது.
"அப்ப வேண்டாம்னு கையெழுத்து போட்டுடுறீங்களா மேடம்?"
கொஞ்ச நேரம் மிக்ஸி ஓடும் சத்தம் மட்டும்.
"அடுத்த வருஷம் கேளுங்க."

லேபில் ஹெப்சிபா ஒருநாள் திரையைக் காட்டினாள்.
மேலே ஒரு புள்ளி, கீழே இரண்டு.
நான் பிளஸ் டூ. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்:
உயிரோடும் சேராமல் மெய்யோடும் சேராமல்
தனியே நிற்கும் எழுத்து.
ஆனால் அதை உள்ளே வைக்காமல்
அஃறிணை என்று எழுதவே முடியாது.
சொன்னேன். சிரித்தாள்.
"அஞ்சாம் நாள், நல்ல தரம். அதுக்கு மேல
என்கிட்ட கேக்காத."

டிசம்பர் புயலில் மூன்று நாள் கரன்ட் இல்லை.
தொட்டிக்குக் கரன்ட் வேண்டாம், நைட்ரஜன் போதும்.
நைட்ரஜன் லாரியோ கோயம்பேட்டில்
இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறது.
வாட்ச்மேன் முனிரத்தினமும் நானும்
சாலிகிராமம் கிளையிலிருந்து கேனை
மீன்பாடி வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தோம்.
மூடி விளிம்பில் வெள்ளைப் புகை.
"உள்ள இன்னாம்மா?"
"ஒண்ணுமில்லண்ணே. வெறும் குளிரு."
"யாருக்கு?"
மழை முகத்தில் அடித்தது. தள்ளினேன்.

என் கணக்கை யாரும் கேட்டதில்லை.
நானும் ஒருமுறை முழுகாமல் இருந்தேன், ஏழு வாரம்.
டாக்டரம்மா கணக்கு, கடைசியாகத் தூரமான நாளிலிருந்து.
அப்படிப் பார்த்தால் முதல் இரண்டு வாரம்
யாருமே குடிவராத வீட்டுக்கு வாடகை.
மாமியாருக்கு, வளையல் போடும்வரை எதுவும் வெளியே சொல்லக் கூடாது,
சொல்லாதது இல்லாதது.
அவருக்கு, ஸ்கேன் ரூமில் துடிப்பு கேட்ட செவ்வாய்க்கிழமை.
அதற்கடுத்த செவ்வாயில் அது கேட்கவில்லை.
எனக்கு அதற்கெல்லாம் முன்னால்.
இரண்டு கோடு தெரிந்த மறுநாள் காலை,
ஆற்காடு சாலை, ஷேர் ஆட்டோவில் ஓரத்து சீட்.
"அண்ணா, பள்ளம் பாத்து" என்றேன்.
வருஷக்கணக்காக அதே பள்ளம்.
அதுவரை ஒருநாளும் சொன்னதில்லை.

கதிர்வேலன் சாயங்காலம் பணம் அனுப்பிவிட்டார்.
ரசீது யார் பேரில் போடட்டும் என்று கேட்டேன்.
அந்தப் பக்கம் லேத் ஓடி ஓடி நின்றது.
"இப்போதைக்கு" என்றார்,
"என் பேர்லயே போடும்மா."